மதுரையில் அகப்பட்ட காவல் மரபணு

பற்றீரியா ஒன்று தன் கலத்துக்குள் நுழையும் அந்நிய டி.என்.ஏ.யை இனங்கண்டு வெட்டி அழிப்பதற்கு ஒரு நொதியத்தையும், அந்த வெட்டு தன்னுடைய டி.என்.ஏ.யின் மீதே விழுந்துவிடாமல் காத்துக்கொள்வதற்கு இன்னொரு நொதியத்தையும் வைத்திருக்கின்றது. வெட்டுவது மட்டுப்படுத்தல் நொதியம் என்றும், காப்பது மாற்றியமைக்கும் நொதியம் என்றும் பெயர் பெறும். நொதியம் என்பது உயிர்க் கலத்தில் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதமாகும். அந்தப் புரதத்தை ஆக்கும் விதம் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. துண்டே மரபணு, அதாவது உயர்தரப் பாடநூல்கள் பரம்பரையலகு என்று குறிப்பிடுவது. இந்த நொதியங்களுக்குரிய மரபணுக்களைப் பிரித்தெடுத்து, வேறொரு பற்றீரியாவுக்குள் குடியேற்றிப் பெருக்கி ஆராயும் முயற்சி, குளோனிங் என்ற பெயரில், 1970களின் பிற்பகுதியிலிருந்து நடந்து வருகின்றது. அவ்வரலாற்றில் பேசப்படும் இடங்கள் பெரும்பாலும் ஜெனீவா, பால்ரிமோர், பொஸ்ரன் ஆகியனவே என்றாலும், அதன் மிகவும் சிக்கலான ஒரு முடிச்சு அவிழ்ந்த இடங்களுள் மதுரையும் ஒன்று என்பது தமிழில் விரிவாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள மருந்தகமொன்றின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இன்சுலின் குப்பியை வாங்கிச் செல்பவருக்கும் இந்த நொதியங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்து இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட காலம் போய், மனித இன்சுலினையே பற்றீரியா ஆக்கித் தரும் காலம் 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது தொடங்கியது. ஒரு மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டி இன்னொரு டி.என்.ஏ.யுடன் ஒட்டலாம் என்ற நிலை ஏற்பட்டிராவிட்டால் அது நடந்திராது. அந்த வெட்டுக்கு வேண்டிய கருவிகளை மனிதர் உருவாக்கவில்லை; வைரசுகளோடு பொருதிப் பொருதிப் பற்றீரியாக்களே உருவாக்கி வைத்திருந்தன.

கத்தரிக்கோல் என்று இந்நொதியங்களை வர்ணிப்பது வழக்கமாகிவிட்டாலும், கத்தரிக்கோலுக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது, இந்நொதியங்களுக்குத் தெரியும். டி.என்.ஏ. என்பது ஏ, ரி, ஜி, சி என்ற நான்கு மூலங்களால் எழுதப்பட்ட ஈரிழைச் சங்கிலி. ஓரிழையில் ஏ நிற்கும் இடத்துக்கு நேரே மற்றையதில் ரி நிற்கும். ஜி நிற்கும் இடத்துக்கு நேரே சி நிற்கும். ஈ.கோலி என்னும் குடற்பற்றீரியாவிலிருந்து பெறப்படும் ஈக்கோ ஆர்-1 என்ற நொதியம் தேடும் சொல் ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி என்பதாகும். இதற்கு நேரே எதிரிழையில் சி-ரி-ரி-ஏ-ஏ-ஜி என்று இருக்கும். ஆனால் எதிரிழை மறுமுனையிலிருந்து வாசிக்கப்படுவதால் அங்கும் ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி என்ற அதே சொல்லே வந்து நிற்கின்றது. விகடகவி என்ற சொல்லைச் சிறுவயதில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தவர்களுக்கும், சீகாழியைப் பாடிய சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்தவர்களுக்கும் இந்த அமைப்பு அந்நியமானதன்று. தமிழ் மாலைமாற்றில் ஒரே வரி முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும், டி.என்.ஏ.யின் மாலைமாற்றிலோ ஓரிழையை முன்னிருந்தும் மற்றையதைப் பின்னிருந்தும் வாசிக்கும்போது இரண்டும் ஒன்றாகின்றன. ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளால் ஆன நொதியம், பாதிக்கு ஓரிழையாகப் பிடித்து இரண்டையும் வெட்டுவதற்கு இந்த அமைப்பு பொருந்தி வருகின்றது. நான்கு எழுத்துகளால் ஆன மொழியில் குறிப்பிட்ட ஆறெழுத்துச் சொல் ஒன்று சராசரியாக 4096 எழுத்துகளுக்கு ஒரு தடவை வரும் என்பதால், சுமார் 46 இலட்சம் எழுத்துச் சோடிகள் கொண்ட ஈ.கோலியின் டி.என்.ஏ.யில் இச்சொல் ஆயிரம் இடங்கள் அளவில் வரக்கூடும்.

அந்த இடங்களிலெல்லாம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாதிருக்கப் பற்றீரியா செய்யும் ஏற்பாடு மிகச் சிறியது. மாற்றியமைக்கும் நொதியம் அச்சொல்லின் இரண்டாவது ஏயின் மீது ஒரு மெதைல் கூட்டத்தை, அதாவது ஒரு காபன் அணுவையும் மூன்று ஐதரசன் அணுக்களையும், ஏற்றிவிடுகின்றது. நெற்றியில் இட்ட பொட்டைப் போல அது எழுத்தை மாற்றுவதில்லை. ஆனால் வெட்டும் நொதியம் அதைக் கண்டதும் அந்த இடத்தை விட்டுவிடுகின்றது. வெளியிலிருந்து வரும் வைரசின் டி.என்.ஏ.யில் இந்தப் பொட்டு இல்லை; ஆகவே அது துண்டாடப்படுகின்றது.

இவ்விரு நொதியங்களின் மரபணுக்களையும் குளோன் செய்யப் புகுந்தவர்களுக்கு இந்த ஏற்பாடே துணையும் ஆயிற்று, தடையும் ஆயிற்று. பொதுவான முறைப்படி, மூலப் பற்றீரியாவின் டி.என்.ஏ. முழுவதும் துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு வட்ட டி.என்.ஏ.யுடன் இணைக்கப்பட்டு, ஈ.கோலிக் கலங்களுக்குள் செலுத்தப்படும். அக்கலங்கள் ஏகார் தட்டில் பரப்பப்பட்டால் மறுநாள் ஆயிரக்கணக்கான கொலனிகள் வெண்புள்ளிகளாகத் தோன்றும். தேடும் மரபணு அவற்றுள் எந்தப் புள்ளியில் இருக்கின்றது என்று வெறுங்கண்ணாலோ நுணுக்குக்காட்டியாலோ சொல்ல முடியாது.

பால்ரிமோரில் உள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மான், ராவ், ஹமில்ரன் ஸ்மித் ஆகிய மூவரும் 1978ஆம் ஆண்டு கையாண்ட வழி, அந்தத் தேடலைப் பற்றீரியாவின் பகைவனிடமே ஒப்படைத்தது. ஹீமோபிலஸ் ஹீமோலிற்றிக்கஸ் என்ற பற்றீரியாவின் டி.என்.ஏ. துண்டுகளைத் தாங்கிய ஈ.கோலிக் கலங்களின் மீது, பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசான பேஜ் விடப்பட்டது. காவல் இல்லாத கலங்கள் மடிந்தன, எச்.எச்.ஏ.-2 என்னும் முறைமையின் இரு மரபணுக்களையும் ஒருங்கே பெற்றிருந்தவை பிழைத்தன. பிழைத்ததை எடுத்து வளர்த்தபோது மரபணுக்கள் கையில் இருந்தன. மட்டுப்படுத்தல்–மாற்றியமைத்தல் முறைமை ஒன்று குளோன் செய்யப்பட்ட முதல் நிகழ்வு இதுவே. அதே ஆண்டில்தான் ஸ்மித், வேர்னர் ஆர்பர், டானியல் நேதன்ஸ் ஆகியோருக்கு இந்நொதியங்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக நோபல் பரிசும் வழங்கப்பட்டது.

ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட இன்னொரு வழி அதைவிட நுட்பமானது. மாற்றியமைக்கும் நொதியத்தின் மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட், கலத்துக்குள் இருக்கும்போதே அந்நொதியத்தை ஆக்குவித்துத் தன்மீதும் மெதைல் பொட்டுகளை ஏற்றிக்கொள்ளும். ஆகவே எல்லாப் பிளாஸ்மிட்களையும் ஒன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றின் மீது உரிய வெட்டும் நொதியத்தைச் செலுத்தினால், மற்றவை யாவும் துண்டாகிப்போக, தேடப்படும் மரபணு மட்டும் முழுதாக மிஞ்சும். ஒரு மரபணு தன் வேலையைக் கொண்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும் இந்த வழிக்கு ஆய்வுகூடங்களில் ஹங்கேரிய உத்தி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரும்பாலான முறைமைகளில் வெட்டும் நொதியத்தின் மரபணுவும் காக்கும் நொதியத்தின் மரபணுவும் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்று அகப்பட்டால் மற்றையதும் கூடவே வந்துவிடுவதுண்டு.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. குளோனிங்குக்கு முன்னர், ஒவ்வொரு நொதியத்தையும் பெறுவதற்கு அதன் மூலப் பற்றீரியாவையே வளர்க்க வேண்டியிருந்தது. சில பற்றீரியாக்கள் மெதுவாக வளர்ந்தன; சில நோய் விளைப்பவை; பலவற்றில் கிடைத்த நொதியத்தின் அளவு மிகச் சொற்பம். மரபணு ஈ.கோலிக்குள் குடியேறியபின் அதே நொதியத்தைத் தாராளமாகவும் தூய்மையாகவும் ஆக்க முடிந்தது. அப்படியிருந்தும் அது −20 பாகை செல்சியசில், கிளிசரோல் கலந்த கரைசலில் காக்கப்பட வேண்டிய பொருளே; 2022ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையில், அந்தக் குளிரைக் காப்பது எத்தகைய பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உத்தி கைவசம் இருந்தும், பலரின் முயற்சிகள் காரணம் புரியாமல் தோற்றன. மூலமான சைற்றோசின் மீது, அதாவது சி என்ற எழுத்தின் மீது, மெதைல் கூட்டத்தை ஏற்றும் நொதியங்களின் மரபணுக்கள் சில ஈ.கோலி வகைகளுக்குள் செலுத்தப்பட்டபோது கொலனிகள் மிக அரிதாகவே தோன்றின. எச்.பி.101 என்ற வகையில் அதே மரபணுக்கள் எவ்விதத் தொல்லையுமின்றி வளர்ந்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலண்ட் பயோலப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எலிசபெத் ராலியும் ஜெஃப்ரி வில்சனும் 1986இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். மெதைல் ஏறாத டி.என்.ஏ.யை வெட்டும் காவலைப் பற்றி எல்லோரும் அறிந்திருக்க, ஈ.கோலிக்குள் அதற்கு நேர்மாறான இன்னொரு காவலும் இருந்தது; அது மெதைல் ஏறிய சைற்றோசினைக் கண்டால்தான் வெட்டும். பாதுகாப்புப் பொட்டாகக் கருதப்பட்டதே இங்கு பகையின் அடையாளமாயிற்று. எம்.சி.ஆர். என்று பெயரிடப்பட்ட இக்காவல், எச்.பி.101 வகையில் தற்செயலாக இல்லாமற்போயிருந்தது.

புதிதாகக் கண்டறியப்பட்டதாகத் தோன்றிய அந்தக் காவல் உண்மையில் மிகப் பழையது. மட்டுப்படுத்தல் என்ற நிகழ்வே முதன்முதலில் உணரப்பட்டது அதன் வழியாகத்தான். 1952ஆம் ஆண்டு சல்வடோர் லூரியாவும் மேரி ஹியூமனும் ரி-2 என்ற பேஜை ஒரு திரிபடைந்த ஈ.கோலி வகையில் வளர்த்தபோது, கலங்கள் மடிந்தனவே தவிர, புதிய பேஜ்கள் வெளிவந்ததாகத் தெரியவில்லை. வழக்கமான சோதனைப் பற்றீரியா இருந்த குழாய் உடைந்துவிட்டமையால், வயிற்றுளைவை உண்டாக்கும் ஷிகெல்லாப் பற்றீரியாவைப் பதிலுக்குப் பயன்படுத்த நேர்ந்ததென்றும், அதன் மீது அந்தப் பேஜ்கள் தாராளமாக வளர்ந்தனவென்றும் லூரியா பின்னர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். பேஜ்கள் வெளிவந்தே இருந்தன. ஆனால் பழைய ஈ.கோலிக்குள் மட்டும் அவற்றால் பிழைக்க இயலவில்லை.

காரணம் 1960களில் தெளிவாயிற்று. ரி-2, ரி-4 போன்ற பேஜ்களின் டி.என்.ஏ.யில் சாதாரண சைற்றோசின் இல்லை. மாற்றமடைந்த ஒரு சைற்றோசினும், அதன் மீது போர்வையாகக் குளுக்கோசும் உண்டு. லூரியாவின் திரிபு வகையில் குளுக்கோசை ஏற்றுவதற்கான வசதி இல்லாதபடியால், போர்வை இழந்த பேஜ்கள் வெளிவந்தன, வழமையான ஈ.கோலியின் காவல் அவற்றைக் கண்டுபிடித்து வெட்டியது. குளுக்கோசு அற்ற பேஜைத் தடுக்கும் மரபணுக்கள் என்ற பொருளில் ஆர்.ஜி.எல்.ஏ., ஆர்.ஜி.எல்.பி. என்று அக்காவலின் மரபணுக்களுக்கு ஆய்வாளர் ஹெலன் ரெவல் பெயரிட்டார். அதன்பின் ஆய்வுலகின் கவனம் ஈக்கோ ஆர்-1 போன்ற உபயோகமான நொதியங்களின் பக்கம் திரும்பிவிட, இந்தப் பழைய காவலைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலருள் ஒருவர் கே. தர்மலிங்கம். பொஸ்ரனில் ரஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோல்ட்பேர்க்குடன் அவர் செய்த ஆய்வுகள் 1976ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாகின. ரி-4 பேஜ் குளுக்கோசுப் போர்வையை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதும், ஈ.கோலியின் காவலை முடக்கும் ஒரு புரதத்தையும் தன் மரபணுக்களில் ஒன்றால் ஆக்குவிக்கின்றது என்பதும் அவற்றில் நிறுவப்பட்டன. ஆர்ன் என்று பெயர் பெற்ற அப்புரதம் வடிவத்தில் டி.என்.ஏ.யையே போலிசெய்வது என்று பல்லாண்டுகள் கழித்து அதன் முப்பரிமாண அமைப்பு காட்டியது.

தர்மலிங்கம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைத்த ஆய்வுக்குழு அந்தக் காவலின் மரபணுக்களையே நேரடியாகத் தேடியது. ரவி, சோழமன்னன், தர்மலிங்கம் ஆகிய மூவரின் பெயரில் 1985இல் வெளிவந்த ஆய்வு, ஈ.கோலியின் நிறமூர்த்தத்தில் ஆர்.ஜி.எல்.ஏ., ஆர்.ஜி.எல்.பி. இரண்டும் இருக்கும் இடங்களைக் குறித்தது. தாவும் மரபணுக்கள், அதாவது டி.என்.ஏ.யில் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் போய்ப் புகும் துண்டுகள், அதற்கு ஆயுதமாயின. தாவும் துண்டு எந்த மரபணுவுக்குள் விழுகின்றதோ அம்மரபணு செயலிழக்கும்; துண்டு தன்னுடன் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பையும் கொண்டு வருவதால் அது விழுந்த இடத்தைப் பின்தொடர்ந்து பிடிக்கலாம். காவல் உடைந்துவிட்டதா என்பதை அறிவதற்கான சோதனை எளிமையும் அழகும் உடையது. பற்றீரியா மெல்லிய பனிப்படலம் போல் மூடியிருக்கும் ஏகார் தட்டின் மீது குளுக்கோசு அற்ற பேஜின் ஒரு துளி இடப்படும். காவல் இருக்குமானால் படலம் அநேகமாகக் குலையாமல் நிற்கும். உடைந்திருந்தால் துளி விழுந்த இடம் கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.

மரபணு இருக்கும் இடத்தை அக்காலத்தில் நிமிடங்களில் அளந்தனர் என்பது புதுமையாகத் தோன்றலாம். இரு ஈ.கோலிக் கலங்கள் இணையும்போது ஒன்றின் டி.என்.ஏ. நூல்போல மற்றையதற்குள் செல்கின்றது. முழுவதும் சென்று முடிய ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆகும். கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் கரையோரப் புகையிரதம் கொள்ளுப்பிட்டியையும் பம்பலப்பிட்டியையும் தாண்டித்தான் வெள்ளவத்தைக்கு வரும் என்பதுபோல, மரபணுக்களும் ஒரே ஒழுங்கில்தான் வந்து சேரும். இணைந்த கலங்களை இடையில் பிரித்துவிட்டு எந்தெந்த மரபணு அதற்குள் வந்துவிட்டது என்று பார்த்தால், ஒவ்வொன்றினதும் நிலையம் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் ஆர்.ஜி.எல்.ஏ. 25ஆம் நிமிடத்திலும் ஆர்.ஜி.எல்.பி. 99ஆம் நிமிடத்தை ஒட்டியும் அமைகின்றன. பிந்தியது இருக்கும் பகுதியிலேயே ஈ.கோலியின் வேறு மட்டுப்படுத்தல் மரபணுக்களும் கூட்டமாக இருப்பதால், அதற்குக் குடிவரவுக் கட்டுப்பாட்டுப் பிரதேசம் என்று ஆய்வாளர்கள் பெயர் சூட்டினர்.

மதுரை ஆய்வு வெளிவந்த மறு ஆண்டில் ராலியும் வில்சனும் எம்.சி.ஆர். காவலை அறிவித்தபோது, அதன் மரபணுக்கள் இதே இரு நிலையங்களில் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் குளோனிங் செய்வோரைத் திகைக்க வைத்த எம்.சி.ஆர்.பி. என்னும் மரபணு வேறெதுவுமன்று, ஆர்.ஜி.எல்.பி.யே என்ற முடிவுக்கு ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் வந்து சேர்ந்தன. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அம்மரபணுப் பகுதியைக் குளோன் செய்து ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், சோழமன்னனும் தர்மலிங்கமும் ஆர்.ஜி.எல்.பி. மரபணுவைத் தனியே குளோன் செய்து 1988இல் 'ஜீன்' சஞ்சிகையில் அறிவித்தனர். அந்த அறிக்கை ஓரிரு பக்கங்களே கொண்டது. குளோனிங்குக்குத் தடையாக நின்ற மரபணுவையே குளோன் செய்த அந்தச் சிறு அறிக்கைக்கு, அதன் பக்க அளவைவிடப் பன்மடங்கு பெறுமதி உண்டு. பயன் எதுவும் தெரியாத காலத்திலும் ஒரு கேள்வியை விடாது பற்றியிருந்தவர்களுக்கே அது கைகூடியது.

ஆர்.ஜி.எல்.பி. சார்ந்த இக்காவல் வெட்டும் விதம் ஈக்கோ ஆர்-1இன் விதத்திலிருந்து முற்றிலும் வேறானது. ஏ அல்லது ஜி என்ற எழுத்தை அடுத்து மெதைல் ஏறிய சி வரும் இடங்களை அது தேடுகின்றது. அப்படியோர் இடம் மட்டும் இருந்தால் போதாது, 40 முதல் 3000 எழுத்துச் சோடிகள் வரையான இடைவெளியில் இன்னொன்றும் இருக்க வேண்டும். இரண்டும் அகப்பட்டபின் டி.என்.ஏ.யை இழுத்து அவற்றுள் ஒன்றின் அருகே வெட்டுகின்றது. அதற்கான சக்தியைக் கலங்களின் வழக்கமான எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து பெறாமல் ஜி.டி.பி. என்ற உறவுப் பொருளிலிருந்து பெறுவதும் நொதியங்களுக்குள் அதனைத் தனித்துக் காட்டுகின்றது. இந்த இயந்திரத்தின் உருவத்தை உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கண்டு 2019இல் வெளியிட்ட குழுக்களுள், புனேயின் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சாய்கிருஷ்ணனின் குழுவும் ஒன்று, பெங்களூரின் கே.ஆர். வினோத்குமாரும் அதில் பங்கேற்றார். ஆறு அலகுகளால் ஆன இரண்டு வளையங்களும், அவற்றை இணைக்கும் இரண்டு அலகுகளுமாக, மொத்தம் 14 புரத அலகுகள் சேர்ந்த அமைப்பாக அது காட்சியளிக்கின்றது.

இன்று கொழும்புப் பல்கலைக்கழகம் உட்பட எங்கும் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடங்களில், குளோனிங்குக்கென ஆயத்தமாக விற்கப்படும் ஈ.கோலிக் கலங்களை உறைகுளிரில் வைத்திருப்பார்கள். அவற்றுள் பெயர்பெற்ற டி.எச்.10பி என்ற வகைக்குரிய தாளை எடுத்துப் பார்த்தால், அதன் மரபணு விபரத்தில், நீக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் சிறு முக்கோணம் ஒன்றும், அதையடுத்த அடைப்புக்குறிக்குள் எம்.ஆர்.ஆர்., எச்.எஸ்.டி., எம்.சி.ஆர்.பி.சி. என்ற குறிகளும் அச்சிடப்பட்டிருக்கும். 99ஆம் நிமிடத்தின் குடிவரவுக் கட்டுப்பாட்டுப் பிரதேசம் முழுவதும் அக்கலங்களிலிருந்து அகற்றப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். அந்த வரியின் கடைசிக் குறியில் உள்ள பி என்ற எழுத்து, மதுரையில் குளோன் செய்யப்பட்ட ஆர்.ஜி.எல்.பி.யினுடையது.